அடைக்கலமும் அறமும்

1983ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் ஒரு திங்கட்கிழமை. வழமைபோலக் காலையில் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் சென்ற கொழும்புத் தமிழருட் பலர் நண்பகலளவிலேயே வீடு திரும்ப முற்பட்டனர். ஆயின், வீட்டுக்குச் செல்லும் வீதி அப்பொழுது செல்லத்தக்கதாக இருக்கவில்லை. 23ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டமையும், மறுநாள் மாலை அவர்களது இறுதிக் கிரியைக்கெனப் பொறளைக் கனத்தை மயானத்திற் கூடிய கூட்டத்தினின்றும் வன்முறை மூண்டமையும் வரலாற்றிற் பதிவானவை. திங்கட்கிழமை அவ்வன்முறை வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எட்டியது. வீதியில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. அவற்றினின்றும் எடுக்கப்பட்ட பெற்றோலே வீடுகளையும் கடைகளையும் எரித்தது. வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு இலக்கம் பார்த்து வந்தோரும் இருந்தனர். வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து, நா எவ்வாறு புரள்கிறது என்பதைக்கொண்டு ஒருவன் வாழ்வதா மாள்வதா எனத் தீர்த்தோரும் இருந்தனர். இறந்தோர் தொகையை அரசாங்கம் சில நூறு என்றது; ஏனைய கணிப்புகள் மூவாயிரம் வரை செல்கின்றன.

அந்நாளில் வீதியில் அகப்பட்ட ஒருவனுக்கு முன்பின் அறியாத ஒரு வீட்டின் படலை திறந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. அயலிலிருந்த சிங்களக் குடும்பங்களும், முஸ்லிம், பறங்கிக் குடும்பங்களும் தமிழரை உள்ளே அழைத்துக் கதவடைத்தன. குளியலறையிலும் களஞ்சிய அறையிலும் கூரைக்கும் மச்சுக்கும் இடையேயும் ஆட்கள் மறைக்கப்பட்டனர். தமது வாகனத்துள் மறைத்து முகாம்வரை கொண்டுசென்று விட்டோரும் உளர். இவ்வாறு உயிர்பிழைத்தோர் பல்லாயிரவர். அடைக்கலந் தந்தோருட் பெரும்பாலோரின் பெயர்களை அவ்வீட்டாரும் அங்கே தங்கியோருமே அறிவர்.

இங்கு எழும் வினா எளிமையானது போலத் தோன்றும். வழியில் இடருற்று நிற்கும் அந்நியனுக்குத் தன் கூரையின்கீழ் இடங்கொடுத்தல் கருணையா, கடனா? கருணையெனின், கொடாதவனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கொடுத்தவனைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடனெனின், கதவைத் திறவாதிருந்தவன் குற்றவாளியாகிறான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 1983ஐப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டில் ஒன்றையே பெரும்பாலும் பற்றிக்கொள்கின்றனர். உண்மை இரண்டிலும் முழுமையாக இல்லை.

விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்ற வாசகம் மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவதால், முதலில் அதனைச் சற்று விலக்கிவைத்தல் நலம். விருந்து என்னும் சொல்லுக்குப் பண்டைய பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியரும் அப்பொருளிலேயே அதனை ஆள்கின்றார். ஆகவே, விருந்தினன் என்போன் உறவினன் அல்லன், புதியவன். வள்ளுவர் இல்லறவியலிலே அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தமையும் பலரறிந்ததே. எனினும் விருந்து வேறு, அடைக்கலம் வேறு. விருந்தினன் வருகையால் வீட்டுக்குச் செலவு உண்டு, சிறப்பும் உண்டு; அவன் வந்தமையை ஊரறிவதில் வீட்டாருக்கு மகிழ்ச்சியும் உண்டு. அடைக்கலம் புகுந்தவனோ ஊரறியாமல் வைத்திருக்கப்பட வேண்டியவன். அவனுக்குச் சோறிடுவதன்று பெரிது. அவன்மேல் வரும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதே பெரிது. முன்னையது பொருளைப் பகிர்தல். பின்னையது ஆபத்தைப் பகிர்தல்.

இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கியம் அறியாததன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரிக்கு வந்துசேர்ந்த வழிப்போக்கராகிய கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் ஒப்படைக்கின்றார். மாதரி அவர்களை முன்பின் அறியாள். கோவலன் கொலையுண்டமை மாதரியின் பிழையன்று. அவள் வீட்டிலே நிகழ்ந்ததுமன்று. சந்தைக்குச் சென்றவன் பொற்கொல்லனின் சூழ்ச்சியால் மாண்டான். எனினும், தன்னிடம் தரப்பட்ட அடைக்கலத்தைக் காக்கவில்லையென்று மாதரி தீப்புகுந்தாள் எனக் காப்பியம் பின்னர் கூறுகின்றது. அச்செயலை இன்றைய அறிவு ஏற்காது; ஏற்கவும் வேண்டியதில்லை. ஆயின், அதிலுள்ள ஒரு கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏற்பதற்குமுன் அடைக்கலம் விருப்பத்தின்பாற்பட்டதாயிருக்கலாம். ஏற்றபின் அது விருப்பத்தின்பாற்பட்டதன்று. உள்ளே அழைத்தவனை நடுநிசியில் வெளியே போ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பண்டை நாளில் இச்சுமை தனிமனிதர் தோள்மீது முழுமையாக ஏற்றப்படவில்லை. யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் மடங்கள் இருந்தன. சுமைதாங்கியும் கேணியும் அவற்றை அடுத்திருந்தன. பருத்தித்துறையிலே வீதிக்கு மேலேயே கூரைபோட்டுக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. வீதியிற் செல்பவன் அதனுள்ளே நுழைய வேண்டியதில்லை. வழியே அவனை மடத்துக்குள் கொண்டுவந்து விடுகின்றது. சிங்களப் பிரதேசங்களில் அம்பலம் எனப்படும் வழிப்போக்கர் இளைப்பாறு மண்டபங்களும் இத்தகையனவே; பனாவிட்டிய அம்பலத்தின் மரச்சிற்பங்கள் புகழ்பெற்றவை. இக்கட்டடங்களுக்குப் பொதுவான இயல்பொன்று உண்டு: அவை அடைத்துப் பூட்டப்படுவதற்கெனக் கட்டப்பட்டவையல்ல. உள்ளே வருபவன் யார், எந்த ஊர், எந்தச் சமயம் எனக் கேட்பதற்கு வாயிலில் ஆளில்லை. (சாதி பார்க்கப்பட்ட மடங்களும் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது.) மடமும் அம்பலமும் அருகி, வழியோரம் முழுவதும் மதிலும் படலையுமாக மாறியபோது, பொதுவாயிருந்த ஒரு கடமை ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் தனித்தனியாக வந்து நிற்கலாயிற்று.

மேனாடுகளில் வீட்டையே சக்கரங்களின்மேல் அமைத்து ஊர்சுற்றுவோர் பலர். படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அவ்வண்டிக்குள்ளேயே உண்டு. நள்ளிரவிற் பனிப்புயலில் வழிதவறிய அந்நியர் அதன் கதவைத் தட்டினால் உடையவன் செய்யத்தக்கது யாது? வண்டி வீதியில் நிற்பதால் அது மடமும் ஆகின்றது. அவனுடைய குழந்தைகள் உறங்குவதால் வீடும் ஆகின்றது. நிலத்தில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை இல்லை. ஆயின், கடலில் உண்டு. மிதக்கும் வீடாகிய கப்பலின் தலைவன், கடலில் ஆபத்துற்றோரைத் தன் கப்பலுக்கும் அதிலுள்ளோருக்கும் பெருங்கேடு நேராதவரை காப்பாற்றியே ஆகவேண்டும் என்பது நெடுங்கால மரபு. 1910ஆம் ஆண்டு பிரசெல்சு உடன்படிக்கை அதனைச் சர்வதேசச் சட்டமாகவும் ஆக்கியது. கடலோடிகள் இதனைக் கருணை என்று எண்ணுவதில்லை. இன்று மீட்பவன் நாளை மீட்கப்பட வேண்டியவனாகலாம் என்பதை அவர்களுக்குக் கடலே கற்பித்துள்ளது.

அக்கடற்கடன் தமிழரைத் தேடிவந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், மூடுபனியினிடையே இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் இலங்கைத் தமிழர் 155 பேர் இருந்தனர். அவர்களைக் கண்டு முதலில் உதவியவர் கஸ் டோல்ற்றன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர். வேறு படகுகளும் வந்து சேர்ந்தன. அனைவரும் கரைசேர்ந்தனர். பின்னர் ஒரு செய்தி வெளியாயிற்று. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறியது உண்மையன்று. மேற்கு யேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலொன்றில் ஏற்றிவரப்பட்டுக் கடலில் இறக்கப்பட்டோரே அவர்கள். கனடாவில் ஒருசாராரிடையே சினம் எழுந்தது. தாம் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் எண்ணினர். இச்சினத்தை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. பொய்யை எவரும் விரும்புவதில்லை. ஆயினும், படகிலிருந்தோர் எங்கிருந்து புறப்பட்டனர் என்பது பொய்யாயிருந்ததேயன்றி, அவர்கள் நீரில் இருந்தனர் என்பது பொய்யன்று. மீனவர் கண்டது அவர்களது கதையையன்று, படகை. இடருற்றவனுக்கு இடங்கொடுத்தல் அவன் கூறும் வரலாற்றின் மெய்ம்மையைச் சார்ந்ததன்று; அவன் நிற்கும் நிலையின் மெய்ம்மையையே சார்ந்தது. கதை விசாரிக்கப்படவேண்டிய இடம் நீதிமன்றம், படகோரமன்று.

பொய் பற்றிய இன்னொரு வினாவும் இங்கு எழுகின்றது. யேர்மானியத் தத்துவஞானி இமானுவேல் காண்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரையொன்று இன்றுவரை விவாதிக்கப்படுகின்றது. கொலை செய்யும் நோக்குடன் வந்த ஒருவன், உன் நண்பன் உன் வீட்டினுள் ஒளிந்திருக்கிறானா என வாயிலில் நின்று கேட்கிறான். அவனிடத்தும் பொய் கூறலாகாது என்பது காண்டின் முடிபு. நூலகத்திலிருந்து படிக்கும்போது இவ்வுதாரணம் வலிந்து புனையப்பட்டது போலத் தோன்றலாம். 1983 யூலையில் கொழும்பில் அது புனைவன்று. உள்ளே தமிழர் உண்டா எனப் படலையில் நின்ற கூட்டம் கேட்டது. இல்லையென வீட்டார் விடையிறுத்தனர். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்து காண்டுக்கு நேர்மாறானது. அன்று கொழும்பிற் பிழைத்தோர் வள்ளுவர் பக்கமே நிற்பர். அங்ஙனம் நிற்பது நன்றிக்காக மட்டுமன்று. உண்மையைக் கேட்டறிந்து அதன்வழி நடக்க வந்தவனிடமே உண்மை கூறும் கடன் உண்டு. கத்தியோடு வந்தவன் கேட்பது செய்தியையன்று, சாவியை. அவனுக்குச் சொல்லப்படும் ‘இல்லை’ என்பதைத் தாழ்ப்பாள் என்று கொள்வதே பொருத்தம். கதவைத் தாழிடுதல் பொய்யாகுமா என எவரும் கேட்பதில்லை.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருதல் வேண்டும். கதவைத் திறக்கும் வீட்டுத்தலைவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. உள்ளே அவனது மனைவியும் குழந்தைகளும் முதிய தாயும் இருக்கலாம். தமிழரை மறைத்த வீடும் எரிக்கப்படும் என்ற மிரட்டல் வெற்றுரையாக இருக்கவில்லை. தன் உயிரைக் கொடுத்துப் பிறன் உயிரைக் காத்தல் தியாகம். ஆயின், தன் குழந்தையின் உயிரை அதன் சம்மதமின்றிப் பணயம் வைத்துப் பிறன் குழந்தையைக் காத்தலுக்கு எப்பெயர் இடுவது? அறநூல்கள் பெரும்பாலும் தனியொருவனைக் கற்பனை செய்துகொண்டே பேசுகின்றன. வீடு என்பது தனியொருவன் அன்று.

லூக்கா நற்செய்தியில் வரும் சமாரியன் கதையை இவ்விடத்து நினைவுகூரலாம். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் கள்வரால் அடியுண்டு கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். பகைச் சாதியினனாகிய சமாரியன் அவன் காயங்களைக் கட்டித் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுசென்றான். கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தில் இக்கதை எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும்! ஆயினும், ஒன்று கவனிக்கப்படுவதில்லை. சமாரியன் அடியுண்டவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து ஒப்படைத்துத் தன் வழியே சென்றான். அவனது நற்செயலைக் குறைத்தற்காக இது கூறப்படவில்லை. அவனுக்கு ஒரு சத்திரம் இருந்தது. கள்வரும் அடித்துவிட்டுப் போய்விட்டனர். சத்திரத்தைத் தேடி வந்தாரல்லர். 1983 யூலை 25இல் சத்திரம் இல்லை, கள்வரும் போகவில்லை. அன்று கொழும்பில் ஒரே வீட்டார் சமாரியராகவும் சத்திரக்காரராகவும் இருக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் வேண்டப்பட்டது உவமை வேண்டியதினும் மிகுதி.

சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. பிரான்சு நாட்டுக் குற்றவியற் சட்டம், ஆபத்திலுள்ளவனுக்கு உதவாது செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்கின்றது. ஆயின், உதவுதலால் உதவுபவனுக்கோ மூன்றாம் ஆளொருவனுக்கோ ஆபத்து நேருமாயின் அக்கடன் இல்லையெனவும் கூறுகின்றது. ஆங்கில மரபோ அவ்வளவுதூரம்கூடச் செல்வதில்லை. நீரில் மூழ்கும் அந்நியனைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் பொதுவாகக் குற்றமெதுவும் செய்தவனாகான். இவ்விரண்டில் பிரெஞ்சு மரபே நெஞ்சுக்கு நெருக்கமானது. அதன் விதிவிலக்கும் நியாயமானது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், யூலை 25இல் கதவைத் திறவாத சிங்களக் குடும்பத்தைக் குற்றவாளியாக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே. அஞ்சிக் கதவடைத்தவனையும் தீவட்டியோடு வந்தவனையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. எனினும், கதவடைத்தோருள்ளும் வேறுபாடு உண்டு. அஞ்சித் திறவாது, அவ்வச்சத்தை எண்ணி ஆண்டுகள் பல உறங்காதிருந்தவன் ஒருவன். இது நம் வேலையன்று எனத் திரும்பிப் படுத்தவன் இன்னொருவன். அவ்விருவர் வீட்டுக் கதவுகளும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றியிருக்கும்.

ஆகவே அடைக்கலம் கடனே. ஆயின், எவரும் எவரிடமும் வலிந்து கேட்டுப் பெறமுடியாத கடன். அருகிலுள்ளவன் என்பதாலும், இயலும் என்பதாலும் அது ஒருவன்மேல் விழுகின்றது. நல்லவன் என்பதால் அது விழுவதில்லை. தான் வேறெங்கேனும் இருந்திருக்கலாகாதா என அன்று எண்ணிய நல்லவர்களும் இருந்திருப்பர். அவர்களும் கதவைத் திறந்தனர்.

அடைக்கலம் புகுந்தோர் பக்கத்தினின்றும் நோக்குதல் முறை. இவ்விடயத்தில் எழுதப்படுவனவெல்லாம் கொடுத்தவனின் பெருமையையே பேசுகின்றன. பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்தனர். தமிழிற் பேசலாகாது எனக் குழந்தைகளின் வாய் பொத்தப்பட்டது. இருமலும் அடக்கப்பட்டது. உயிரைக் காக்கவந்த வீட்டிலேயே தான் யாரென்பதை மறைத்துக்கொண்டு இருத்தல் வேண்டியிருந்தது. அது வீட்டாரின் குற்றமன்று. அவர்கள் மிகுந்த அன்போடுதான் அதனைக் கேட்டிருப்பர். ஆயினும், உயிர் ஒன்றைத் தவிர வேறெதனையும் உள்ளே எடுத்துவர அன்று இயலவில்லை. அடைக்கலம் பெற்றவன் பிற்காலத்தில் அவ்வீட்டாரைக் கண்டு நன்றி கூறத் தயங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். நன்றியின்மை என அதனை எளிதிற் கூறிவிடுகின்றனர். தன்னை மிகச் சிறியவனாகக் கண்ட கண்களைத் திரும்ப எதிர்கொள்ள அஞ்சுவது நன்றியின்மை ஆகாது.

பிறிதொன்று. நல்ல அயலவரைப் பற்றிய கதைகள் அண்மைக்காலத்தில் மிகுதியாகக் கூறப்படுகின்றன. அவை கூறப்படவேண்டியனவே, அவற்றை மறைத்து ஓரினத்தையே கொலைகாரராக்குதல் அநீதி. ஆயின், அக்கதைகளை முன்நிறுத்தி அரசின் பொறுப்பைப் பின்தள்ளுவோரும் உளர். குடிமக்களைக் காத்தல் எவருடைய கடன்? அந்த வாரத்தில் அரசின் நேரடிப் பாதுகாப்பில், அரசின் பூட்டுக்கும் சாவிக்கும் உள்ளே இருந்த தமிழர் வெலிக்கடைச் சிறைக்கைதிகள். அவர்களுள் யூலை 25இல் 35 பேரும் 27இல் 18 பேருமாக 53 பேர் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். தன் கூரையின்கீழ் இல்லாத ஒருவன் மாண்டதற்காக மாதரி பொறுப்பேற்றாள். தன் கூரையின்கீழ் இருந்தோர் மாண்டதற்கு அரசு பொறுப்பேற்கவில்லை. அரசின் கதவு திறந்திருந்தால் எத்தனையோ சாதாரண வீடுகளின் கதவுகள் அத்துணைக் கடுஞ்சோதனைக்கு உட்பட்டிரா. நல்ல அயலவன் தேவைப்பட்டமையே அரசின்மேலுள்ள குற்றச்சாட்டு.

ஓரிரவு கழிந்தது, சில வீடுகளில் மூன்று நான்கு இரவுகள். பின்னர் மக்கள் முகாம்களுக்குச் சென்றனர். இரத்மலானை விமானநிலையக் கொட்டகைகளிலும், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும், கோயில்களிலும் பாடசாலைகளிலும் பல்லாயிரக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்தனர். ‘லங்கா கல்யாணி’, ‘சிதம்பரம்’ முதலிய கப்பல்கள் அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுசென்றன. காண்ட் 1795இல் எழுதிய ‘நிலைபேறான அமைதி’ என்னும் நூலில், அந்நியன் ஒருவன் வந்தவிடத்துப் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையுடையன் என்றும், நெடுநாள் தங்கும் உரிமை அதனின் வேறானது என்றும் பிரித்துக் கூறுகின்றார். வெலிக்கடையை நோக்கக் காண்டின் முதலுரிமையே தமிழருக்குத் தம் சொந்த நாட்டில் மறுக்கப்பட்டது. இரண்டாவதை அவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ்நாட்டிலும் தேடிச் சென்றனர். நாற்பது ஆண்டுகளாக உலகின் கதவுகளைத் தட்டிய இனம் தமிழினம்.

இவ்வாறு பெற்ற அடைக்கலத்துக்குக் கைம்மாறு செய்வது எங்ஙனம்? கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்தல் பெரும்பாலும் இயலாது. அவன் மீண்டும் இடருறுதல் வேண்டும் என விரும்புவதும் அறமன்று. கடலோடிகள் வழக்கமே இங்கும் பொருந்தும்: மீட்டவனுக்கன்று, அடுத்து நீரிற் கிடப்பவனுக்கே கடன் செலுத்தப்படுகின்றது. அத்தகைய அடுத்தவன் ஒருவன் அண்மையில் வந்தான்.

கொட்டாஞ்சேனையில் அந்நியன் எப்பொழுதும் அயலவனாகவே இருந்து வந்துள்ளான். பேராலயமும் முத்துமாரியம்மன் கோயிலும் கொச்சிக்கடைச் சிவன் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் நடந்துசெல்லும் தூரத்துக்குள் அடங்குவன. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கியது இங்கேதான். அதற்குச் சரியாக நூறாண்டின்பின் 1983. இன்னும் 36 ஆண்டுகள் கழிந்து, 2019 ஏப்பிரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு விடுதிகளிலும் வெடித்தது. இறந்தோர் 250க்கு மேற்பட்டோர். அவருள் தமிழர் பலர்.

அவ்வேளையில் நீர்கொழும்புப் பகுதியில் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிகள் வாடகை வீடுகளில் வாழ்ந்து வந்தனர். அகமதியா முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தம் நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்தோர் அவர்கள்; வேறொரு நாட்டில் குடியேறும் நாளை எதிர்நோக்கி, ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தில் பதிந்து காத்திருந்தோர். குண்டு வைத்தோருடன் அவர்களுக்கு எத்தொடர்பும் இருந்ததில்லை. ஆயினும், அயலாரின் மிரட்டலும் வீட்டு உரிமையாளரின் அச்சமும் சேர்ந்து சில நாள்களில் அவர்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வீதிக்குக் கொணர்ந்தன. நீர்கொழும்பு அகமதியாப் பள்ளிவாசலிலும் பஸ்யாலைப் பள்ளிவாசலிலும் அவர்கள் ஒதுங்கினர். ஒரு பகுதியினர் நீர்கொழும்புப் பொலிஸ் நிலையத்து வாகனக் கொட்டகையில், குழந்தைகளோடு நிலத்திற் படுத்தனர். வேறிடங்களுக்குக் கொண்டுசெல்ல ஏற்றப்பட்ட பேருந்துகள், செல்லுமிடத்து மக்களின் எதிர்ப்பினால் திரும்பி வந்தன. இரவில், பேருந்துக்குள், எங்கும் இறங்க இடமின்றி இருந்தோரின் நிலை 1983ஐ அறிந்த எவருக்கும் விளக்கப்பட வேண்டியதன்று.

பின்னர் அவர்களுள் ஒரு தொகுதியினரை வவுனியாவுக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இம்முறை எதிர்த்தோருள் தமிழரும் இருந்தனர். அவர்கள் கூறிய காரணங்கள் பலவாறானவை. அண்மைக் குண்டுவெடிப்பின் அச்சம். வடக்கிற் குடியேற்றம் என்ற பழைய புண். அரசு எவரையும் கலந்தாலோசியாமற் செய்கிறது என்ற ஐயம். இவற்றுள் ஒன்றையேனும் பொய்யென ஒதுக்க இயலாது. யூலை 25இல் கதவைத் திறவாத வீட்டாரிடமும் இவைபோன்ற காரணங்களே இருந்தன, அவையும் பொய்யல்ல. அங்கே மன்னிக்கப்படவேண்டியது இங்கேயும் மன்னிக்கப்படவேண்டியதே எனலாம். ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. வவுனியாவில் படலையில் நின்று எவரும் தீவட்டி காட்டவில்லை. கதவைத் திறந்திருந்தால் எந்த வீடும் எரிந்திராது. கோரப்பட்டதும் ஒருவர் வீட்டின் அறையன்று. அரசின் கட்டடம் ஒன்றில், சில மாதங்களுக்கு, கூரை மட்டுமே. பிரெஞ்சுச் சட்டத்தின் விதிவிலக்குக்கூட அங்கே செல்லாது.

இறுதியில் ஒரு தொகுதியினர் 2019 மே மாதத்திற் பூந்தோட்டத்திலுள்ள புனர்வாழ்வு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பூந்தோட்டம் என்ற பெயர் வன்னி மக்களுக்குப் புதிதன்று. போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் 1990களில் தறப்பாளின்கீழும் தகரக் கொட்டகையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த முகாம்களுள் ஒன்று அவ்வூரிலேயே இருந்தது.